கண்ணாடி இல்லாத கொசு

போன வாரம் நான் போட்டிருந்த வெள்ளி நிற விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், பேரனுக்கு வாங்கின பொம்மையா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பழைய மாணவர் ஒருவர் மட்டும், "அந்தக் கண்ணாடி மூடி கம்பெனி மூடி மாதிரி தெரியலையே சார், நீங்க செஞ்சதா?" என்று கேட்டிருந்தார். சரியாகப் பிடித்துவிட்டார். அவருடைய கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலில், இது கடையில் முழுதாக வாங்கும் பொம்மை இல்லை. பிளாஸ்டிக் மாடல் கிட் என்பார்கள். பெட்டியைத் திறந்தால் விமானமே இருக்காது. ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கிளைகிளையாக ஒட்டிக்கொண்டு இறக்கை, வால், சக்கரம், இருக்கை எல்லாம் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் எண். உருகிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும்போது, அது ஓடிப் போன வாய்க்கால்தான் அந்தச் சட்டம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசவேண்டும்.

இந்த மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 72-க்கு 1. ஏன் 72? ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆறடிக்கு 72 அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மை ஆகிறான். கணக்கு அவ்வளவுதான்.

படத்தில் இருப்பது 'நாட்' என்ற போர் விமானம். ஆங்கிலத்தில் நாட் என்றால் கொசு மாதிரிக் கடிக்கிற ஒரு பொடிப் பூச்சி. இங்கிலாந்தின் ஃபாலண்ட் நிறுவனத்துக்காகப் பெட்டர் என்பவர் வடிவமைத்தது. கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவரும் அவரேதான். விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி, விலையும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, சின்னதாகவும் மலிவாகவும் ஒன்று செய்ய முடியாதா என்று அவர் போட்ட கணக்குதான் நாட். 1955-இல் முதலில் பறந்தது. இங்கிலாந்து விமானப்படை அதைப் பயிற்சி விமானமாக மாற்றித்தான் எடுத்துக்கொண்டது. போர் விமானமாகவே பெரிய அளவில் வாங்கியது நம் நாடு. பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. 1965 போரில் பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மேல் எதிரியின் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதே ஓடுபாதையில் ஓடி மேலேறிச் சண்டையிட்டு உயிர் விட்டாரே, நிர்மல் ஜித் சிங் செகான், அவர் ஓட்டியது நாட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

இனி என் அண்ணனுக்கு வருகிறேன். 1966-இல் துறையூரிலிருந்து தகரப் பெட்டியோடு கிளம்பிப் போய் விமானப்படையில் சேர்ந்தார். ஜாலஹள்ளியில் பயிற்சி. பிறகு விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் வேலை. பதினைந்து வருட சர்வீஸில் பெரும்பகுதி நாட் விமானங்களோடுதான். விடுமுறையில் வரும்போது எங்கள் பெரிய ஏரிக்கரையில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் சண்டை இருக்காது. எந்த மூடிக்குள் கை நுழையாது, எந்தத் திருகு கழற்றும்போது விழுந்து தொலையும் என்பதுதான் இருக்கும். "விமானம் சின்னதா இருந்தா ஓட்டுறவனுக்குச் சுகம்டா, ரிப்பேர் பண்றவனுக்கு நரகம்" என்பார்.

1996-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், அண்ணன் கேட்டிருந்தார் என்பதற்காக, தேடிப் பிடித்து ஒரு நாட் கிட் வாங்கி வந்தார். வெளிநாட்டுத் தயாரிப்பு. அண்ணன் திண்ணையில் செய்தித்தாள் விரித்து, பாகங்களைக் குறிப்புத்தாளோடு வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினார். விமானி அமரும் இடத்துக்கு மேலே வரும் கண்ணாடி மூடி இல்லை. அது ஒளி புகும் பிளாஸ்டிக்கில் தனியாக வார்க்கப்படும் பாகம். தனிப் பையில் போடுவார்கள். அந்தப் பையே இல்லை.

பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. பாகம் குறைந்தால் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள் என்று. அண்ணன் எழுதினார். பதில் வரவில்லை. "மூடி இல்லாமலே ஒட்டி வச்சுக்கலாமே அண்ணே, அலமாரியிலதானே இருக்கப்போகுது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

விமானப் பராமரிப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து மூடியைப் பூட்டும் முன், கொண்டுபோன கருவிகளை எண்ணவேண்டும். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானம் பறக்காது. அது உள்ளே எங்கோ கிடந்து, பறக்கும்போது ஒரு கம்பியில் சிக்கினால் ஓர் உயிர் போகும். பதினைந்து வருடம் அப்படி எண்ணியவரிடம் போய், ஒன்று குறைந்தால் என்ன என்று கேட்கலாமா? பெட்டியை மூடினார். மேலே பேனாவால் 'கண்ணாடி இல்லை' என்று எழுதி, அதே தகரப் பெட்டிக்குள் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. திருச்சியில் பார்த்து, கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது. அண்ணி காலமாகி வெகுநாள் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். கூடவே தகரப் பெட்டியும் வந்தது.

ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கிட் கண்ணில் பட்டது. அண்ணனிடம் காட்டினேன். இடது கை விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டு, "இன்னும்... இல்லை" என்றார். செய்து பார்த்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அக்கம்பக்கத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடித்துத் தருகிறேன் என்றான். நல்ல பையன். ஆனால் சாதாரண இயந்திரம் பிளாஸ்டிக்கை வரிவரியாக அடுக்குவதால் கண்ணாடி போலத் தெளிவு வராது. என் மகள், புதுக் கிட்டே வரவழைத்துத் தருகிறேன் என்றாள். அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். அவருக்கு வேண்டியது இன்னொரு விமானம் இல்லை, இந்த விமானம்.

கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்வது திருச்சிக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. அவை கிழடாகிப் போனபோது, புதிதாக வாங்க உலகத்தில் கடை இல்லை. நம் பொன்மலைப் பணிமனைதான் அதே வடிவத்தில் எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களைச் செய்தது. 2021-இல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து கொடுத்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். அதற்குப் பக்கத்தில் என் வேலை மூன்று சென்டிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு மூடி.

செய்முறையைச் சொல்கிறேன். விருப்பம் இல்லாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்; என் வகுப்பிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள்.

ஒரு மர அச்சு செதுக்கவேண்டும். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, இளகியதும் அச்சை அதில் அழுத்தினால் தாள் அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மரத்துக்கு ரேகை ஓடினால் அந்த ரேகையும் கண்ணாடியில் விழும். எங்கள் தெரு ஆசாரி வெட்பாலைக் கட்டை ஒன்று கொடுத்தார். வெள்ளையான, நெருக்கமான மரம். சென்னபட்டணத்துப் பொம்மைகள் இதில்தான் கடைகிறார்கள். மூடியின் அடிப்பக்க அளவு விமான உடலின் திறப்பிலேயே இருக்கிறது. அதன் மேல் காகிதம் வைத்து ஓரத்தை எடுத்துவிட்டேன். பக்கவாட்டு வளைவுக்குக் குறிப்புத்தாளில் உள்ள படம். மேல் வளைவுக்குப் புகைப்படங்கள். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு நாட் நிற்கிறது. 1965 போரில் பாகிஸ்தானின் பஸ்ரூரில் தரையிறங்கிச் சிக்கிய இன்னொரு நாட் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லைக்கு இருபுறமும் நிற்பவற்றின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

அச்சை மூடியைவிடத் துளி சின்னதாகச் செதுக்கவேண்டும். தாளின் கனம் அதன் மேல் ஏறுமே. என் தாளின் கனம் கால் மில்லிமீட்டர். "கால் மில்லிமீட்டர்தானே அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் இடது கை விரலால் மேசையில் எழுதிக் காட்டினார்: 0.25 பெருக்கல் 72. பதினெட்டு மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் மூடிக்கும் உடலுக்கும் நடுவே பதினெட்டு மில்லிமீட்டர் இடைவெளி. "பைலட்... செத்தான்" என்றார். அன்றைக்கு அவர் சேர்த்துச் சொன்ன மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

தாள் எது? தண்ணீர் பாட்டில் ஆகாது. ஊதும்போதே இழுத்து நீட்டப்பட்ட பிளாஸ்டிக் அது. சூடு பட்டதும் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து இனிப்புக் கடையில் அல்வா வைத்துத் தரும் பெட்டியின் தெளிவான மூடிதான் ஒத்து வந்தது. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 1 என்றால் பெட். பாட்டிலும் அதே வகைதான், ஆனால் பெட்டி மூடி அவ்வளவு இழுபடாதது. 3 என்றால் பி.வி.சி.; கருகினால் விஷப்புகை, வீட்டுக்குள் சூடாக்கவே கூடாது. ஒட்டுப்பலகையில் அச்சைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போட்டு, அதன் மேல் தாளை இறுக்கி ஊசி குத்தி, சுருள் மின் அடுப்புக்கு மேலே பிடித்தேன். தாள் முதலில் விறைக்கும், பிறகு தொட்டில் துணி மாதிரித் தொய்யும். தொய்ந்த அந்தக் கணத்தில் அச்சை ஒரே அழுத்து. தாமதித்தால் தாள் பால் மாதிரி வெளுத்துவிடும். அது அழுக்கு இல்லை. பெட் பிளாஸ்டிக் சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகம் ஆகின்றன, ஒளி சிதறுகிறது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பாடத்தைக் கண்ணால் பார்க்க எனக்கு அறுபத்தொன்பது வயது ஆகவேண்டியிருந்தது.

இந்த வேலை முழுக்க அண்ணன் நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தார். எந்த மூடியும் அவர் கைக்குப் போகாமல் தேறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெருவிரலால் மேல் வளைவைத் தடவுவார். பிறகு இடது பக்கம் வைத்தால் தள்ளுபடி. நான் பார்த்துப் பார்த்துச் செய்த மூன்றாவது மூடி எனக்கு அப்பழுக்கில்லாமல் தெரிந்தது. அண்ணன் முன்பக்க வளைவைத் தடவிவிட்டுத் தள்ளினார். "படத்துல இப்படித்தானே இருக்கு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையைக் காற்றில் நீட்டி, முன்னாலிருந்து பின்னாலே மெதுவாக இழுத்தார். துணியால் துடைக்கிற அசைவு. நாட்டின் கண்ணாடியைத் தினம் காலையில் துடைத்த கை. அந்தக் கை போன வழியில் முன்பக்கம் நான் செதுக்கியதைவிடத் தாழ்வாக இருந்தது. புகைப்படத்தை மறுபடி பார்த்தேன். கேமரா கொஞ்சம் கீழேயிருந்து எடுத்திருக்கிறது. அதனால் உயரமாகத் தெரிகிறது.

மரத்தைத் தேய்த்துச் சரிசெய்தேன். ஏழாவது மூடியை அண்ணன் வலது பக்கம் வைத்தார்.

அதற்குப் பிறகு ஓரத்தை வெட்டுவது. ஒரே வெட்டில் வெட்டாமல், பிளேடால் கீறிக் கீறி, திறப்பில் வைத்துப் பார்த்து, மறுபடி கீறி. இரண்டு மாலை ஆனது. என்னிடம் படித்த ஒருவர் முன்பு மலைக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்தவர். அந்தத் தொழிலில் வருமானம் படுத்ததும் ஊருக்கே வந்துவிட்டார். அவர் கண்ணில் மாட்டும் லென்ஸும் இடுக்கியும் கொண்டுவந்து கொடுத்து, ஓரத்தைத் தானே தேய்த்தும் தந்தார். பல்பசையைப் பருத்தித் துணியில் தொட்டுக் கடைசி மெருகு. நான் வட்டமாகத் தேய்த்தேன். அண்ணன் மேசையைத் தட்டினார். வட்டமாகத் தேய்த்தால் கீறலும் வட்டமாக விழுந்து, சூரியனைப் பார்க்கும்போது கண் கூசும், நேர்க்கோட்டில்தான் துடைக்கவேண்டும். சொல்லவில்லை, கையால் காட்டினார்.

ஒட்டுவதற்குச் சூப்பர் பசை கூடாது. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். கிட்டோடு வரும் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டும். அல்வா டப்பாவிடம் அது செல்லாது. சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. ஆனால் மூடியை ஒட்டும் முன் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மேசையைச் சுட்டினார். கத்தி, இடுக்கி, அரம், தூரிகை, லென்ஸ். எண்ணச் சொன்னார். எண்ணினேன். எல்லாம் இருந்தது. தலையசைத்தார். ஒட்டினேன்.

விமானப்படையில் எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. தன் பங்கு வேலை சரியாக முடிந்தது என்று பராமரிப்பவர் கையெழுத்துப் போட்ட பிறகே விமானி அதில் ஒப்பமிட்டு விமானத்தை எடுத்துக்கொள்வார். மறுநாள் காலை அண்ணன் ஒரு காகிதம் கேட்டார். என் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து வெற்றுத்தாள் ஒன்று கிழித்துக் கொடுத்தேன். 'நாட்' என்று எழுதி, தேதி போட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியச் சான்றுக்குக்கூட இரண்டு வருடமாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர். எழுத்து கோணலாகத்தான் இருந்தது. பிறகு தாளை என் பக்கம் தள்ளி, கீழே இன்னொரு கோடு போட்டார். விமானி கையெழுத்துப் போடும் இடம். "நான் ஓட்டலையே அண்ணே" என்றேன். "போடு வாத்தியாரே" என்றார், நடுவில் நிற்காமல். போட்டேன்.

நோய் ஒன்றும் குணமாகிவிடவில்லை. கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர் வந்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. இடது கையால் நாளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகுகிறார். எழுதுவதெல்லாம் பாகங்களின் பெயர்கள்தான்.

இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள். சக்கரம் ஒன்று காணோம் என்றால், இருக்கிற இன்னொன்றில் முகப்பவுடர் தடவி எம்-சீலில் அழுத்தி அச்சு எடுங்கள். காய்ந்ததும் அச்சிலும் பவுடர் தடவி, அதிலேயே எம்-சீலை அடைத்துப் புதுச் சக்கரம் எடுக்கலாம். ஆன்டெனா கம்பி உடைந்தால், பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரு முனையையும் இழுங்கள். தலைமுடி கனத்துக்கு நூலாக நீளும். அதனால் வெற்றுச் சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். தெளிவான கடினப் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் பழைய ஆடியோ கேசட் டப்பா பாலிஸ்டைரீன்தான், கிட் செய்யும் அதே சரக்கு. தட்டையான ஜன்னலுக்கு உதவும். சூடாக்கும் வேலை எதுவானாலும் வாசலில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

'இன்னது இல்லை' என்று எழுதி மூடி வைத்த பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், எந்தப் பாகம், என்ன அளவு என்று எழுதுங்கள். அண்ணனும் நானும் பார்க்கிறோம். வெட்பாலைக் கட்டை இன்னும் அரை அடி மிச்சம் இருக்கிறது.